சுங்கை சிப்புட்டில் ஜொன்ஜு: பிபிம்பாப்புக்கு முன்னால் சோயா முளைச் சூப்பைக் கேளுங்கள்

செட்டிநாடு என்று பலகை வைத்த கடையில் கல்பாசி வாசம் வரவில்லை என்றால் நாம் சும்மா விடுவதில்லை. அதே அளவுகோலை ஒரு கொரியக் கடைக்கும் வைக்கலாம். சுங்கை சிப்புட் டவுனில், உரக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே இருக்கும் இந்தக் கடை 'கொரியச் சாப்பாடு' என்று பொதுவாக எழுதிவிட்டு நழுவவில்லை. 'ஜொன்ஜு பாரம்பரிய உணவு' என்று ஊர்ப் பெயரையே பலகையில் ஏற்றியிருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டவரிடம் நாலு பொருளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு: எலும்புச் சாற்றில் வெந்த சோறு, சோயா முளை, மஞ்சள் நிறத்தில் பச்சைப்பயறு மாவுக் கட்டி, ஊறிப் பழுத்த கொச்சுஜாங் என்ற மிளகாய்ச் சாந்து. நாலில் இரண்டு இங்கே உருப்படியாக இருக்கிறது. ஒன்று பாதி. ஒன்று தேறவில்லை.

ஜொன்ஜு தென்கொரியாவின் தென்மேற்கில் வட ஜொல்லா மாநிலத்தின் தலைநகர். நமக்குக் கெடா எப்படியோ கொரியாவுக்கு ஜொல்லா அப்படி; நாட்டின் பெரிய நெல் சமவெளி அங்கேதான். ஒரு பக்கம் மலை, கீரைக்கும் கிழங்குக்கும் குறைவில்லை. இன்னொரு பக்கம் மஞ்சள் கடல், உப்பிட்ட இறாலும் மீனும் வந்துகொண்டே இருக்கும். அரிசி, கீரை, உப்புக்கடல் மூன்றும் ஒரே சந்தையில் கூடியதால்தான் அந்த ஊர்ச் சாப்பாட்டு மேசையில் பக்கத் தட்டுகள் அப்படி நிறைகின்றன. 2012-இல் யுனெஸ்கோ தன் உணவுக்கலைப் படைப்பு நகரங்களின் பட்டியலில் ஜொன்ஜுவைச் சேர்த்தது. 1392-இல் ஜொசொன் அரசை நிறுவிய யி சொங்-க்யேயின் குலம் 'ஜொன்ஜு யி' குலம். அவர் உருவப்படத்தை வைத்துப் போற்ற 1410-இல் கட்டிய கியொங்கிஜொன் என்ற ஆலயம் நகரின் நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றி 700-க்கும் மேற்பட்ட ஹானொக் வீடுகள், ஓட்டுக்கூரையும் மரத்தூணும் காகிதக் கதவுமாக. 1592-இல் ஜப்பானியப் படை வந்தபோது அரச வரலாற்றுக் குறிப்பேடுகளின் நான்கு பிரதிகளில் மூன்று எரிந்துபோயின. ஜொன்ஜு பிரதியை மட்டும் உள்ளூர் அறிஞர்கள் நேஜாங் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் கடைச் சுவர். 'கியொங்கிஜொன், ஜொன்ஜு' என்று எழுதி மாட்டியிருக்கும் பெரிய படம் நாட்டின் தலைநகர் சோலில் இருக்கும் கியொங்பொக்குங் அரண்மனை. இரண்டு மாடிக் கூரையும் கல் மேடையும் பார்த்தாலே தெரியும். ஜொன்ஜு ஆலயம் ஒரே தளம், அடக்கமான கட்டடம். பெயர் ஒலியில் ஏமாந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் செங்கல் தேவாலயப் படம் சரி, அது 1914-இல் கட்டி முடித்த ஜொன்தொங் தேவாலயம். படத்துக்காக யாரும் பசியாற வருவதில்லை என்றாலும், ஊர் பெயரில் கடை நடத்துகிறவர்கள் இதையாவது சரியாக மாட்டலாம்.

இனி சாப்பாடு. மெனு அட்டையின் முதல் பக்கம் முழுவதும் பிபிம்பாப்தான், பளபளவென்ற படத்தோடு. அதைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் படம்கூட இல்லாமல் கொங்நாமுல் குக்பாப், 11 ரிங்கிட், காலை ஏழரை முதல் பதினொன்று வரை மட்டும் என்று போட்டிருக்கும். இந்தக் கடையில் ஜொன்ஜு இருப்பது அந்த ஒரு வரியில்தான்.

கொங்நாமுல் என்றால் சோயா முளை, குக்பாப் என்றால் சூப்பில் போட்ட சோறு. நாம் மீ கோரேங்கில் பார்க்கும் தவ்கே பச்சைப்பயற்றின் முளை. வெந்நீரில் ஒரு நிமிடம் போதும். சோயா முளையின் தலை மஞ்சளாகப் பெரிதாக இருக்கும், தண்டு தடிப்பாக இருக்கும். அதைப் பச்சையாக மெல்லக் கூடாது, ஐந்து முதல் ஏழு நிமிடம் வேக வேண்டும். வேகவைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூடி போட்டு ஆரம்பித்தால் கடைசி வரை மூடியே இருக்க வேண்டும். திறந்து ஆரம்பித்தால் கடைசி வரை திறந்தே இருக்க வேண்டும். பாதியில் எட்டிப் பார்த்தால் சூடு இறங்கும். முளையில் இருக்கும் நொதி முழுதாகச் சாகுமுன் காற்றுப் பட்டால் பச்சைச் சோயா வாடை பிடித்துக்கொள்ளும், பிறகு எத்தனை பூண்டு தட்டிப் போட்டாலும் போகாது. இந்தக் கடையில் அந்த வாடை துளியும் இல்லை. முளையைக் கடித்தால் தலை நறுக்கென்கிறது, தண்டு நார் தட்டவில்லை. அடுப்படியில் நிற்பவருக்குக் கைப்பழக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஜொன்ஜுவில் இந்தச் சூப்பு இரண்டு விதம். மண்சட்டியிலேயே கொதிக்கக் கொதிக்க, முட்டையை உள்ளே உடைத்து ஊற்றித் தருவது ஒன்று. ஊரில் 'நம்பு' என்ற பெயருள்ள சந்தையின் பாணி மற்றது: ஆறிய சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடிப்பார்கள். இதற்குத் தொர்யொம் என்று பெயர். ஆறின சோற்றில் மாவு இறுகியிருப்பதால் பருக்கை கரையாது, சாறும் கஞ்சியாகாமல் தெளிவாக நிற்கும். சோறு உள்வரை சூடேறும், ஆனால் நாக்கு வேகாது, உடனே சாப்பிடலாம். விடியற்காலையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் சந்தைக்காரருக்கு ஊதி ஊதிக் குடிக்க நேரம் ஏது? பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்குப் பிறகு வரும் நம் தோட்டத்து ஆட்களுக்கும் அதே கதைதான். கடையில் செய்வது இந்த இரண்டாவது பாணி. கரண்டியும் கிண்ணமும் மூன்று முறை ஏறி இறங்குவதைக் கல்லாப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் பார்க்கலாம்.

கூடவே சின்னக் கிண்ணத்தில் அரை வேக்காட்டு முட்டை வரும். இதைச் சூப்பில் கவிழ்க்காதீர்கள். சூப்பிலிருந்து இரண்டு மூன்று கரண்டி சாற்றை முட்டை மேல் விட்டு, கொடுத்திருக்கும் கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போட்டு, அதை முதலில் முடித்துவிட வேண்டும். கோப்பிக் கடையில் அரை வேக்காட்டு முட்டைக்குச் சோயா கிச்சாப்பும் மிளகுத்தூளும் போட்டுக் குடிப்பவருக்கு இது புதிதே அல்ல. முட்டைக் கிண்ணம் காலியான பிறகு சூப்பு. உப்பு குறைவாகத்தான் வரும், அது தவறல்ல. உப்பிட்ட பொடி இறாலை அவரவர் சேர்த்துக்கொள்வதற்காக அப்படி விடுகிறார்கள். கொரியாவில் அதற்குச் செயூஜொத் என்று பெயர். இங்கே அதற்குப் பதில் மலாக்கா சிஞ்சாலோக் வைக்கிறார்கள். சிஞ்சாலோக்கில் சோறு சேர்த்துப் புளிக்க வைப்பதால் லேசான புளிப்பு தட்டும். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சூப்பு கெட்டுவிடும். அந்த அளவோடு நின்றால், உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருக்கிறது.

வீட்டில் செய்பவருக்கு அளவு: இரண்டு லிட்டர் தண்ணீருக்குத் தலையும் குடலும் கிள்ளிய பெரிய நெத்திலி 30 கிராம், முள்ளங்கி 200 கிராம், ஒரு கை அகலம் 'கொம்பு' என்ற கடற்பாசி. நெத்திலியை வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்துவிட்டால் மீன் நாற்றம் அடங்கும். கொதி வந்ததும் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும், விட்டால் வழவழத்துக் கசக்கும். மீதி பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். வடிகட்டிய சாற்றில் 300 கிராம் சோயா முளை, தட்டிய பூண்டு, கடைசியில் வெங்காயத்தாளும் மிளகாய்த்தூளும். நெத்திலியின் குடலைக் கிள்ளாமல் போட்டுவிட்டுக் கசக்கிறது என்று கடற்பாசியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இப்போது பிபிம்பாப், 19 ரிங்கிட். 'பிபிம்' என்றால் பிசைவது, 'பாப்' என்றால் சோறு. பிசைந்த சோறு, அவ்வளவுதான். பிசைந்த சோற்றைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஜொன்ஜு பிபிம்பாப்பில் சோறுதான் வேலையின் பெரும் பகுதி. குட்டை அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குப் பதில் மாட்டெலும்புச் சாற்றில், ஊறிய அரிசி ஒரு கப்புக்குச் சாறு ஒரு கப் என்று, வடிக்காமல் பொங்குவார்கள். சாற்றை முதலில் ஆறவைத்து மேலே உறையும் கொழுப்பை வழித்துவிடுவது அவசியம், இல்லையென்றால் சோறு பிசுக்காகும். வழித்த பின்னும் மிஞ்சும் மெல்லிய கொழுப்பு பருக்கையைப் பூசி நிற்கும். அதனால்தான் பிசையும்போது கட்டி கட்டாமல் ஒவ்வொரு பருக்கையிலும் கொச்சுஜாங் ஏறுகிறது.

கடையில் எலும்புச் சாறு உண்டு, அரிசிதான் தப்பு. உள்ளூர் நீள அரிசி. பிசைந்தால் சோறு ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம், சாந்து அடியில். குட்டை அரிசி விலை கூடத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 19 ரிங்கிட் வாங்கும் கிண்ணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அரிசி அல்ல.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஆட்களில் பலர் மாடு சாப்பிடுவதில்லை. 'மாட்டிறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மேலே தூவும் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். சோறு எலும்புச் சாற்றில் வெந்தது என்பதை அவர்களாகச் சொல்வதில்லை. 'சோறும் மாட்டுச் சாறு இல்லாததா?' என்று கேட்டால், 'அதுக்கு வேற பானை இருக்குண்ணே, முன்னாடியே சொல்லிடுங்க' என்கிறார் பரிமாறும் தம்பி. வேறு பானை இருப்பது நல்ல விஷயம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டாதது நல்ல விஷயமல்ல. சைவக்காரர்கள் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்: கிம்ச்சி என்ற காரக் கோஸ் ஊறுகாயில் மீன் சாறும் இறாலும் உண்டு, குக்பாப் சாறு நெத்திலி. புரட்டாசியில் 'வெறும் காய்கறிதானே' என்று நம்பி இரண்டையும் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மேலே அடுக்கும் காய்கறிகளில் குறை சொல்ல அதிகமில்லை. சோயா முளை, கேரட், பூசணிப் பிஞ்சு, காளான், கீரை எல்லாம் தனித்தனியாக வதக்கித் தனித்தனியாக உப்புப் பார்த்தவை. ஒரே சட்டியில் எல்லாவற்றையும் போட்டுக் கிளறும் சோம்பல் இல்லை. மினாரி என்ற வாசக் கீரைக்குப் பதில் கங்கோங் தண்டு போட்டிருக்கிறார்கள். வாசம் வராது, நறுக்கென்ற தன்மை வருகிறது, ஏற்றுக்கொள்ளலாம். ஜொன்ஜுவில் இறைச்சி பச்சையாகவும் முட்டையின் மஞ்சள் கரு பச்சையாகவும் வரும். இங்கே இரண்டையும் வேகவைத்துத் தருகிறார்கள், நம் வெயிலுக்கு அதுவே சரி.

மஞ்சள் கட்டியில்தான் கோபம் வருகிறது. ஹ்வாங்போமுக் என்பது பச்சைப்பயற்று மாவில் கிண்டிய, கண்ணாடி போல மினுங்கும் ஒரு கட்டி. மஞ்சள் நிறம் கார்டீனியாக் காயை ஊறவைத்த நீரிலிருந்து வர வேண்டும். அதற்கு வாசம் கிடையாது. கடையில் மஞ்சள்தூள் போட்டிருக்கிறார்கள். வாயில் வைத்ததும் ரசம் நினைவுக்கு வருகிறது. கூடவே பக்கத்தில் இருக்கும் முள்ளங்கியிலும் சாயம் ஏறிவிடுகிறது. கார்டீனியாக் காய் கொரியாவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, சீன மருந்துக்கடையில் ஆரஞ்சு நிறத்தில் உலர்ந்த காயாகக் கிடைக்கும். மாவும் இங்கேயே இருக்கிறது: மலாய்க்காரர்கள் குய் செய்ய வாங்கும் ஹூன் குவே மாவு பச்சைப்பயற்று மாவுதான். சர்க்கரையும் சாயமும் சேர்க்காத வெள்ளைப் பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே.

ஒரு கப் மாவுக்கு ஆறு கப் தண்ணீர். அதில் அரை கப், நான்கைந்து காயைத் தட்டி ஊறவைத்த நீராக இருக்கட்டும். அரைத் தேக்கரண்டி உப்பு. நடுத்தர நெருப்பில் கை விடாமல் கிண்ட, பால் போல இருந்தது திடீரென்று இறுகிக் கண்ணாடியாகும். அங்கேதான் எல்லாரும் இறக்கிவிடுகிறார்கள். நெருப்பைக் குறைத்து இன்னும் ஐந்தாறு நிமிடம் கிண்டினால்தான் வெட்டும்போது நிற்கும், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக் குழையும். கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், தட்டில் ஊற்றி மூன்று மணி நேரம் வெளியிலேயே ஆறட்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் வெளுத்துப் பொடிப்பொடியாக உடையும். கடையில் வந்த துண்டுகள் ஓரத்தில் வெளுத்திருந்ததைப் பார்த்தால் முதல்நாள் கிண்டி ஐஸ் பெட்டியில் வைத்தது என்று தெரிகிறது. பரிமாறுமுன் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தாலே பழைய மினுமினுப்பு திரும்பிவிடும். அதைக்கூடச் செய்யவில்லை.

பாத்திரம் இன்னொரு வாதம். இங்கே எல்லாருக்கும் கற்சட்டி, சுர்ரென்ற சத்தத்தோடு வருகிறது. அடியில் பிடிக்கும் காந்தலுக்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. காந்தல் சுரண்டித் தின்று வளர்ந்த நமக்கு அது புரியாதா என்ன? ஆனால் ஜொன்ஜுவின் பெயர்பெற்ற கிண்ணம் வெண்கலம். தமிழில் எழுதுகிறவர்கள் அதைப் பித்தளை என்று எழுதிவிடுகிறார்கள். பித்தளையில் துத்தநாகம், கொரியாவின் அடித்துச் செய்யும் கிண்ணத்தில் செம்பு 78, வெள்ளீயம் 22 என்ற கலவை. நம் வீட்டு வெண்கலப் பானைக்குச் சொந்தக்காரன். சூட்டை மெதுவாக விடும், காயைக் கருக்காது. கற்சட்டியில் மஞ்சள் கட்டி இளகிவிடுகிறது, கீரை வாடிவிடுகிறது. கேட்டால் சில்வர் கிண்ணத்தில் தருகிறார்கள், அதையே வாங்கிக்கொள்ளுங்கள். பிசையும்போது கரண்டியால் அழுத்தாமல் சாப்ஸ்டிக் குச்சியால் அடியிலிருந்து தூக்கிப் புரட்டினால் பருக்கை நசுங்காது.

கொச்சுஜாங் நன்றாக இருக்கிறது, சந்தேகமில்லாமல். மிளகாய்த்தூள், பசை அரிசி, சோயா மொச்சைக் கட்டியின் பொடி, பார்லி முளைப்பொடி, உப்பு. இவை மாதக்கணக்கில் ஊறினால் வரும் ஆழம் சர்க்கரையில் வராது. வட ஜொல்லாவின் சுன்சாங் மாவட்டம் இதற்குப் பெயர்போனது. கொரியர்கள் ஜாங், அதாவது சோயாச் சாந்து வகைகளை ஊறவைக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடையில் தனியாக விற்கும் அரை கிலோ டப்பாவில் ஹலால் முத்திரை இருக்கிறது. மற்ற இடங்களில் வாங்குபவர்கள் பின்பக்கம் பார்க்க வேண்டும், கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்த வகைகளும் உண்டு. சாந்தை ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். சம்பல் போடுவது போல அள்ளிப் போட்டால் இனிப்பும் உப்பும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

கிம்ச்சி சுமார். ஜொல்லா கிம்ச்சி தெற்கத்திக் கிம்ச்சி. வெப்பம் கூடிய பக்கம் என்பதால் உப்பும் மிளகாயும் உப்பிட்ட மீனும் தூக்கலாக இருக்கும். இங்கே தருவது இனிப்பு தூக்கல், நேற்றுப் போட்டது போன்ற பச்சை வாசம்.

'மோஜு' என்று ஐந்து ரிங்கிட்டுக்கு ஒரு சூடான பானம் இருக்கிறது. ஜொன்ஜுவில் மோஜு என்பது மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளில் இஞ்சி, பேரீச்சை போன்ற ஜுஜுபிப் பழம், பட்டை, அதிமதுரம் போட்டு, போதை அநேகமாகப் போகும்வரை காய்ச்சியது. குக்பாப்போடு காலையில் குடிப்பார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த தலைமுறைக்கு அந்த ஏற்பாடு உடனே புரியும். இந்தக் கடை ஹலால் கடை. ஆகவே உள்ளே மக்கொல்லி இல்லை, இருக்கவும் முடியாது. வருவது இஞ்சி ஜுஜுபிக் கஷாயம். நன்றாகவே இருக்கிறது, சளிக்கும் கேட்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

தப்பாவ் வாங்குபவர்கள் குக்பாப் சாற்றையும் சோற்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றாகக் கட்டினால் லாசா தோட்டம் வரை போவதற்குள் கஞ்சியாகிவிடும். முட்டையைக் கட்டித் தர மாட்டார்கள். பிபிம்பாப்பைத் தப்பாவ் எடுக்கவே வேண்டாம். சூடான சோற்றின் மேல் மூடி போட்டதும் கீரை வியர்த்துச் சோறு நனைந்துவிடுகிறது. சம்பளம் போட்ட சனிக்கிழமை காலையில் ஒன்பதரைக்கே சோயா முளை தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகு சாதாரண தவ்கேயைப் போட்டு அதே விலைக்குத் தருகிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள். ஆர்டர் கொடுக்குமுன் கிண்ணத்தில் போடப்போவது மஞ்சள் தலையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.